அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல்: மூணாவது பிளக் மட்டும் கறுத்துப் போகுது, சூடானதும் மிஸ்ஸிங்

#1 மார்க்4_வெள்ளை

வணக்கம். வண்டி 1986 மார்க் 4, பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். காலையில் சோக் இழுத்தால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகுது. கால் மணி நேரம் ஓடி நல்லா சூடானதும் மிஸ்ஸிங் (இடையிடையே சிலிண்டர் வெடிக்காம விடுறது) ஆரம்பிக்குது. மூணாவது கியரில் மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குலுக்கி எடுக்குது, காலைத் தளர்த்தினால் சரியாகுது.

நாலு பிளக்கும் புதுசு போட்டு 300 கி.மீ. ஆச்சு. என்ஜிகே பிபி6இஎஸ், இடைவெளி 0.8 மி.மீ. கழற்றிப் பார்த்தால் 1, 2, 4 லேசான பழுப்பு. 3 மட்டும் கறுப்பா, ஈரமா, பளபளன்னு இருக்கு. ஒரு மெக்கானிக் பிளக் டூப்ளிகேட், வேற செட் போடுங்க என்கிறார். இன்னொருத்தர் இன்ஜினை இறக்கணும் என்கிறார். எங்கே ஆரம்பிக்கலாம்?

#2 ஃபில்லர்கேஜ்

ரெண்டையும் இப்போதைக்குத் தள்ளி வைங்க. நீங்க சொல்றது ஒரே கோளாறு மாதிரி தெரியலை, ரெண்டு கோளாறு சேர்ந்து நிற்குது. மூணாவது பிளக் கறுக்கிறது ஒரு சிலிண்டரோட சங்கதி. சூடானதும் லோடில் குலுக்குறது பெரும்பாலும் நாலுக்கும் பொதுவான இடத்திலிருந்து, அதாவது பொறியை உண்டாக்கிப் பங்கிடுற பாகங்களிலிருந்து வரும்: காயில், கண்டென்சர், பாயிண்ட், ரோட்டார். ரெண்டையும் ஒண்ணாக் குழப்பினால் பாக்கெட்தான் காலியாகும்.

முதல்ல அந்த ஈரம் என்னன்னு பாருங்க. பிளக்கைக் கழற்றி அஞ்சு நிமிஷம் வெயிலில் வைங்க. பெட்ரோல்னா ஆவியாகிக் காய்ஞ்சுடும், வாசனையும் காட்டிக்கொடுக்கும்: அந்த சிலிண்டரில் தீப்பொறி சரியா விழலைன்னு அர்த்தம். காயாம விரலில் வழுவழுன்னு ஒட்டினால் ஆயில். தொட்டால் விளக்குக் கரி மாதிரி உதிர்ந்தால் அது ரிச் மிக்ஸ்சரோட (பெட்ரோல் கூடின கலவை) கரி, ஆனா அது வழக்கமா நாலு பிளக்கிலும் தெரியும்.

அப்புறம் 3-ஐ 1-ல் போடுங்க, 1-ஐ 3-ல் போடுங்க. பிளக் ஒயரை மாற்றாதீங்க. ஒரு வாரம் ஓட்டிட்டுப் பாருங்க. கறுப்பு பிளக் கூடவே 1-க்குப் போனால் பிளக் கோளாறு. 3-லேயே நின்றால் சிலிண்டர், இல்லைன்னா அந்த ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அந்த ஒயர் சொருகுற இடம்.

இடைவெளி 0.8 இந்த வண்டிக்கு அதிகம். பாயிண்ட் வைத்த இக்னிஷனுக்கு 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. 0.6-ல் வைங்க.

#3 கொங்கு_டாக்ஸி

இடைவெளி கூட வைத்தால் பொறி பெரிசா வரும், பிக்கப் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே? புது கார்களில் 1.0, 1.1 எல்லாம் வைக்கிறாங்க.

#4 ஃபில்லர்கேஜ்

புது கார்களில் காயிலும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் அதுக்குத் தகுந்த வோல்டேஜ் கொடுக்குது. பாயிண்ட், கண்டென்சர் வைத்த செட்டில் அந்தக் கையிருப்பு கிடையாது. இடைவெளி கூடக் கூட பொறி தாண்டத் தேவையான வோல்டேஜும் கூடும். லோடில், அதாவது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போய் அழுத்தம் கூடும்போது, இன்னும் அதிகம் வேண்டும். அப்போ தீப்பொறி பிளக்கில் தாண்டாம சுலபமான வேற வழி தேடும்: ரோட்டார் வழியா, மூடியில் உள்ள மயிரிழைக் கீறல் வழியா, ஒயர் ரப்பர் வெடிப்பு வழியா.

அதனாலதான் பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து செல்ஃப் அடித்துப் பார்க்கிற சோதனையை முழுசா நம்பக் கூடாது. வெளிக்காற்றில் 0.6 மி.மீ. தாண்டுறது ஒண்ணும் பெரிய காரியமில்லை. உள்ளே கம்ப்ரஷனில் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். வெளியே பளிச்சுன்னு அடிக்கிற பிளக் உள்ளே செத்துக் கிடக்கலாம். காயில் ஒயர் நுனியை (நல்ல இன்சுலேட்டட் இடுக்கியில் பிடிச்சு) பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்துப் பாருங்க. நீல நிறத்தில் சடசடன்னு தாண்டினால் காயில், பாயிண்ட் பக்கம் ஓரளவு நலம். மஞ்சளா மெலிசா வந்தால் பலமில்லை. பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாதுன்னு தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

#5 ராக்கர்_ஷாஃப்ட்

மூணாவது பிளக் பற்றி. இந்த இன்ஜின் பிஎம்சி பி சீரிஸ். ரேடியேட்டர் பக்கம் இருக்கிறதுதான் 1. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை) 1-3-4-2, ரோட்டார் மேலிருந்து பார்த்தால் எதிர்க்கடிகாரத் திசை. இன்லெட் போர்ட் ரெண்டே ரெண்டு: 1-2க்கு ஒண்ணு, 3-4க்கு ஒண்ணு. எக்ஸாஸ்ட் மூணு: ஓரத்தில் தனித்தனி, நடுவில் 2-3க்குச் சேர்த்து.

இதை மனசில் வைத்துக்கிட்டு பிளக்கைப் படிக்கணும். 3-ம் 4-ம் சேர்ந்து வெளுத்தால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் அந்தப் பக்கம் காற்று இழுக்குது. 2-ம் 3-ம் சேர்ந்து கம்ப்ரஷன் குறைந்தால் ரெண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. ஒரே போர்ட்டைப் பங்கு போடுற ஜோடிக்குள் நிறத்தில் லேசான வித்தியாசம் இருந்தால் பயப்படத் தேவையில்லை, இந்த ஹெட்டோட குணமே அது. உங்களுக்கு 3 மட்டும் தனியா, அதுவும் பளபளப்பா. எனக்கு ஆயில் வாடை அடிக்குது.

கம்ப்ரஷன் எடுங்க. இன்ஜின் சூடா இருக்கணும், நாலு பிளக்கும் வெளியே, காயில் ஒயரைக் கழற்றி ஓரம் கட்டணும், ஆக்சிலரேட்டர் முழுசா அழுத்தின நிலையில் அஞ்சாறு ஸ்ட்ரோக். எண்ணைப் பார்த்துக் கவலைப்படாதீங்க, கேஜுக்குக் கேஜ் மாறும். நாலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், சுமார் 5 மி.லி., இன்ஜின் ஆயில் ஊற்றித் திரும்ப எடுங்க. ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறலைன்னா வால்வ், இல்லைன்னா கேஸ்கெட். டேப்பட் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) இறுக்கமா இருந்தாலும் கம்ப்ரஷன் குறைவாக் காட்டும், அதனால அதை முதலில் பார்த்துடுங்க: 0.015 அங்குலம். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு, ரெண்டு எண்ணும் கூட்டினால் ஒன்பது வரணும்: 8 முழுசாத் திறந்திருக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் பண்ணணும், 6 திறந்தால் 3, இப்படி.

இன்னொண்ணு கவனிங்க. நீளமான இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கி, கீழே வந்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பின்னாடி நீலப் புகை வருதா?

#6 மின்கசிவு

சூடானதும் மிஸ்ஸிங் பற்றி ஒரு வரிசை. விலை குறைந்ததிலிருந்து ஆரம்பிச்சு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்க.

பாயிண்ட் இடைவெளி 0.014 – 0.016 அங்குலம், 0.35 – 0.40 மி.மீ. ஹீல் (கேமில் உரசுற முனை) தேய்ந்தால் இடைவெளி குறையும், டைமிங்கும் (பொறி விழுற நேரம்) பின்னுக்குப் போகும். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி, நீலம் பாய்ந்திருந்தால் கண்டென்சர் சந்தேகம். சூடானதும் மட்டும் சாகிற கண்டென்சரைக் குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டர் வைத்துப் பிடிக்க முடியாது. மிஸ் ஆகும்போதே வேறொண்ணை வெளியே தொங்கவிட்டு, உடம்பை எர்த்தில் பிடிச்சு, ஒயரை காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் கொடுங்க. பழையதன் ஒயரைக் கழற்றிவிடணும். சரியானால் முடிஞ்சது.

காயில். பாலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகிற கரண்டைக் குறைக்கிற மின்தடை) இல்லாத 12 வோல்ட் காயிலில் பிரைமரி சுமார் 3 ஓம் காட்டணும். கடையில் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று 1.5 ஓம் பாலாஸ்ட் காயிலைக் கொடுத்துவிடுவாங்க. அதை நேரடியா 12 வோல்ட்டில் போட்டால் ரெண்டு மடங்கு கரண்ட். காயில் தொட முடியாதபடி கொதிக்கும், பாயிண்ட் கருகும். குளிர்ச்சியில் அருமையா ஓடும், கால் மணி நேரத்தில் நொண்டும். உங்க அடையாளம் அப்படியே பொருந்துது. அளந்து பாருங்க.

ரோட்டார். மூடியைக் கழற்றி, காயில் ஒயரை ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே பிடிச்சு, இக்னிஷன் ஆன் பண்ணி, பாயிண்ட்டைக் கையால் திறந்து மூடுங்க (காய்ந்த மரக்குச்சி போதும்). பொறி ரோட்டாரில் இறங்கினால் உள்ளே ஷாஃப்ட்டுக்குக் கசியுதுன்னு அர்த்தம், தூக்கிப் போடுங்க. ரிவெட் அடிச்ச மலிவு ரோட்டார்களில் இது சகஜம், ரிவெட்டின் அடி ஷாஃப்ட்டுக்கு ரொம்பப் பக்கம்.

கடைசியா, யாரும் பார்க்காத ஒண்ணு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பேஸ் பிளேட்டிலிருந்து உடம்புக்குப் போகிற சின்னப் பின்னல் எர்த் ஒயர். வாக்குவம் அட்வான்ஸ் (இன்லெட் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே தள்ளுற அமைப்பு) இழுக்கும்போதெல்லாம் பிளேட் திரும்பும், ஒயரும் கூடவே மடங்கும். வருஷக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே இழைகள் அறுந்து ஒண்ணு ரெண்டில் தொங்கும். ஐட்லிங்கில் ஒட்டிக்கொண்டு இருக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் விடும். மெதுவா இழுத்துப் பாருங்க. ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே கம்பி இல்லை. பாயிண்ட்டுக்கு வருகிற கறுப்பு ஒயரும் இதே மாதிரி உறைக்குள்ளேயே அறுந்து கிடக்கும்.

#7 கொங்கு_டாக்ஸி

காயிலில் + – மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடுதே, அதனால் ஏதாவது கெடுதலா?

#8 மின்கசிவு

ஓடும், ஆனா பலம் குறைஞ்சு ஓடும். பிளக்கின் நடு எலக்ட்ரோடுதான் சூடா இருக்கும், சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான் சுலபமா கிளம்பும். அதனால நடுமுனை நெகட்டிவா இருக்கணும். தலைகீழா இருந்தால் அதே பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். நல்ல பிளக், சரியான இடைவெளின்னா தெரியாது. பிளக் கொஞ்சம் தேய்ந்ததும் லோடில் முதலில் மிஸ் ஆகிறது இப்படித் தலைகீழாக் கொடுத்த வண்டிதான். நெகட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் '–' முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகணும். பழைய பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ்க்கு மாற்றினவங்க எஸ்டபிள்யூ (சுவிட்ச் பக்கம்), சிபி (பாயிண்ட் பக்கம்) என்று எழுதின காயிலை அப்படியே விட்டுடுவாங்க. அந்த ரெண்டு ஒயரையும் இடம் மாற்றணும்.

#9 மார்க்4_வெள்ளை

பார்த்துட்டேன். 3-ல் இருப்பது ஆயில்தான், காயவே இல்லை. பிளக் இடம் மாற்றினதில் 1-க்குப் போனது சுத்தமாயிடுச்சு, 3-க்கு வந்தது கறுத்துடுச்சு. கம்ப்ரஷன் 1: 122, 2: 120, 3: 118, 4: 122. இறக்கத்துக்கு அப்புறம் புகை வருது, ஆமாம். காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் குப்புன்னு ஒரு புகை.

காயில் 3.2 ஓம். ரோட்டார் கசியலை. அந்தப் பின்னல் ஒயர் நாலு இழை மாதிரி தொங்குது, இழுத்தால் நீளுது!

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசா ஆடுது, அது பிரச்சினையா?

#10 மின்கசிவு

ஒயரைப் பிடிச்சுட்டீங்க. மாற்றும்போது சாதாரண ஒற்றைக்கம்பி ஒயர் போடாதீங்க, மறுபடி முறியும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள நெகிழ்வான ஒயர் போடணும். பிளேட் முழுசாத் திரும்பினாலும் இழுபடாத அளவு தொய்வு விட்டு, ஷாஃப்ட்டில் உரசாம படுக்க வைங்க. ஈயம் ஒயருக்குள் ஊறி ஏறினால் அந்த இடம் விறைத்து அங்கேயே முறியும், அதனால சால்டர் நுனியில் மட்டும்.

ஷாஃப்ட் ஆட்டம்: நாலு கேம் முனையிலும் தனித்தனியா பாயிண்ட் இடைவெளி அளங்க. ஒண்ணில் 0.40, எதிரில் 0.30-னா புஷ் தேய்ந்திருக்கு. அப்போ ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் வேறயா விழும். டுவெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கிற கோணத்தை அளக்கிறது) இருந்தால் 60 டிகிரி, ரேஸ் பண்ணும்போது 3 டிகிரிக்கு மேல் ஆடக் கூடாது.

#11 ராக்கர்_ஷாஃப்ட்

3-ல் கம்ப்ரஷன் மற்றதோடு ஒட்டியே இருக்கு, இறக்கத்தில் புகை, காலையில் புகை. பிஸ்டன் ரிங் மேல் பழி போட இடமில்லை. ஆயில் மேலேயிருந்து, வால்வ் ஸ்டெம் வழியா இறங்குது. ஆக்சிலரேட்டர் மூடி இறங்கும்போது இன்லெட்டில் வாக்குவம் உச்சத்தில் இருக்கும், ராக்கர் பக்கத்து ஆயிலை கைடு (வால்வ் ஸ்டெம் ஓடுற குழாய்) வழியா உறிஞ்சும். இதுக்கு இன்ஜினை இறக்கத் தேவையே இல்லை.

பி சீரிஸில் வால்வ் சீல் என்பது புது இன்ஜின்களில் கைடு மேல் உட்காருகிற தொப்பி மாதிரி இல்லை. ஸ்டெம்மில் காட்டர் (வால்வ் ஸ்பிரிங்கைப் பிடிச்சு வைக்கிற பூட்டுத் துண்டு) பள்ளத்துக்குக் கீழே உட்காருகிற சின்ன ரப்பர் ஓ-ரிங். சூட்டில் அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போகும், நகம் வைத்தால் உடையும். எட்டையும் மாற்றுங்க, 3-ஐ மட்டும் மாற்றி மற்றதை விடாதீங்க.

#12 கயிறு_வித்தை

ஹெட் கழற்றாமலே பண்ணலாம். 3-வது பிஸ்டனை மேல்முனைக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, பிளக் ஓட்டை வழியா 8 மி.மீ. நைலான் கயிற்றை நுழையும் வரை நுழைச்சு, நுனியை வெளியே விட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாத் திருப்பி இறுக்குங்க. கயிறு வால்வை அடியிலிருந்து தாங்கும். ஸ்பிரிங்கை அழுத்தி காட்டரை எடுத்து ஓ-ரிங்கை மாற்றிடலாம். பருத்திக் கயிறு வேண்டாம், இழை உள்ளே விட்டுப் போகும்.

#13 ராக்கர்_ஷாஃப்ட்

மற்ற இன்ஜினுக்கு அருமையான வழி. இதில் ஒரு சிக்கல். ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற நட்டுகளில் நாலு, ஹெட் ஸ்டட்டையும் சேர்த்துத்தான் பிடிக்குது. அந்த நாலை மட்டும் அவிழ்த்தால் ஹெட் ஒரு பக்கம் மட்டும் தளர்ந்து வளையும், கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். ஆகவே ராக்கரைத் தொடும் முன் ரேடியேட்டரை வடிக்கணும், பதினொரு ஹெட் நட்டையும் வரிசைப்படி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும். அப்படித் தளர்த்தின ஹெட்டைத் தூக்காம திரும்ப இறுக்கினால் பழைய கேஸ்கெட் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இவ்வளவு தூரம் போனவங்க புது கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொண்டு ஹெட்டையே தூக்குறது உத்தமம். தூக்கினால் கைடு தேய்மானத்தையும் பார்த்துடலாம்: வால்வை சீட்டிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் நல்லாத் தெரியும். கைடு போயிருந்தால் புது ரிங் சில மாசம்தான் தாக்குப் பிடிக்கும்.

ரிங் போடும் முறை: புது ரிங்கை இன்ஜின் ஆயிலில் கொஞ்ச நேரம் ஊற வைங்க. ஸ்பிரிங்கை அழுத்தின பிறகுதான் ரிங்கை ஸ்டெம்மில் இறக்கணும், காட்டர் பள்ளத்துக்கு அடியில். அப்புறம் காட்டர். வரிசை மாறினால் காட்டர் விளிம்பு ரிங்கை நறுக்கிடும்.

#14 கயிறு_வித்தை

சரி, ஹெட் நட் விஷயம் நியாயம்தான். கேஸ்கெட் கையில் இல்லாம ஆரம்பிக்க வேண்டாம்.

#15 கொங்கு_டாக்ஸி

அதுவரைக்கும் 3-ல் மட்டும் ஒரு படி ஹாட் பிளக் (சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாதது) போட்டு ஓட்டலாமா? என்ஜிகே-யில் 6-க்குப் பதில் 5.

#16 ஃபில்லர்கேஜ்

தற்காலிகமா போடலாம். பிளக்கின் பீங்கான் மூக்கு சுமார் 450 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால்தான் கரியைத் தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும், 870-ஐ நெருங்கினால் பொறிக்கு முன்னாலேயே பற்ற வைக்கும். ஆயில் குடிக்கிற சிலிண்டருக்கு ஒரு படி ஹாட் கொஞ்சம் உதவும். ஆனா நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் மிதிச்சு ஓட்டுறவங்க வேண்டாம். இப்போ பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய கார்புரேட்டரில் கலவை ஏற்கெனவே லீன் (பெட்ரோல் குறைஞ்ச) பக்கம் சாயுது. அதுக்கு மேல் ஹாட் பிளக்கும்னா பீங்கான் வெளுத்துக் கொப்பளிக்க வாய்ப்பு.

எண்ணில் ஒரு எச்சரிக்கை: என்ஜிகே-யில் எண் கூடினால் கோல்ட். பாஷில் தலைகீழ், எண் கூடினால் ஹாட். இந்த வண்டிக்கு பாஷில் டபிள்யூ7டிசி போடலாம். கடைக்காரர் 'ஒரு நம்பர் கூட' என்றால் எந்தக் கம்பெனின்னு கேளுங்க.

மரையின் (திரெட்) நீளம் அதைவிட முக்கியம். இந்த ஹெட்டுக்கு 14 மி.மீ. விட்டம், 19 மி.மீ. நீளம். பிபி6ஹெச்எஸ் என்று வாங்கினாலும் திருகி ஏறிவிடும், ஆனா அது 12.7 மி.மீ. தான். நுனி குழிக்குள் ஒளிஞ்சுக்கும், மிச்ச மரையில் கரி படியும், அப்புறம் சரியான பிளக் திருகும்போது அந்தக் கரியில் மாட்டி மரை போகும்.

#17 மார்க்4_வெள்ளை

நிறத்தில் ஒரு சந்தேகம். மேனுவலில் காட்டுற செம்பழுப்பு என் பிளக்கில் வரவே மாட்டேங்குது, வெளிறின மஞ்சள் பழுப்புதான். லீனா? அப்புறம் பழைய பிளக்குகளை அடுப்பில் சுட்டு, பிரஷ் போட்டு வைக்கலாமா?

#18 ஃபில்லர்கேஜ்

பழைய மேனுவல் படங்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான், அந்த நிறம் இனி வராது. வெளிறின பழுப்பு சரி. சுண்ணாம்பு வெள்ளையா, பீங்கானில் சின்னச் சின்னக் கொப்பளம் இருந்தால்தான் லீன். சில்வர் மணி மாதிரி பொட்டுகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் அலுமினியம், வண்டியை உடனே நிறுத்துங்க. ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்த மாதிரி சுத்தமா இருந்தால் கூலன்ட் இறங்குது.

ஐட்லிங்கில் நிறுத்திக் கழற்றின பிளக்கின் நிறத்துக்கு மதிப்பில்லை, எல்லாமே கறுப்பாத்தான் தெரியும். ஆளில்லாத ரோட்டில் மூணாவது கியரில் மேடு ஏறிட்டே இக்னிஷனை ஆஃப் பண்ணி, கிளட்சை அழுத்தி உருட்டி ஓரம் நிறுத்திக் கழற்றிப் பாருங்க. ஸ்டியரிங் லாக் பொருத்தின வண்டின்னா சாவியை லாக் வரை திருப்பாதீங்க.

அடுப்பில் சுட வேண்டாம், சூடும் குளிரும் மாறி பீங்கானில் கீறல் விழும். இரும்பு பிரஷும் வேண்டாம், பீங்கானில் இரும்புக் கோடு படிஞ்சு அதுவே பொறிக்கு வழியாகும். மணல் அடிக்கிற மெஷினில் கொடுத்தால் உள் பள்ளத்தில் மணல் தங்கி சிலிண்டரில் உதிரும். ஆயிலில் நனைந்ததை பெட்ரோலில் கழுவி ஊதி வைங்க, அவசரத்துக்கு உதவும். பிளக் விலைக்கு அதுக்கு மேல் மெனக்கெடாதீங்க.

#19 மார்க்4_வெள்ளை

பின்னல் ஒயர் மாற்றியாச்சு, இடைவெளி 0.6, பாயிண்ட் 0.38. மேட்டில் குலுக்கல் போயிடுச்சு, ஒரு மணி நேரம் ஓட்டியும் மிஸ் இல்லை. நாலு கேமிலும் வித்தியாசம் 0.03-க்குள்தான். ஹெட் வேலை அடுத்த மாசம். பிளக் இறுக்கம் எவ்வளவு?

#20 ராக்கர்_ஷாஃப்ட்

இரும்பு ஹெட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லைன்னா கையால் வாஷர் உட்காரும் வரை திருகி, புது பிளக்னா ஸ்பேனரில் அரை சுற்று, ஏற்கெனவே போட்ட பிளக்னா பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று. மரையில் கிரீஸ் தடவினால் இதே திருப்புக்கு இறுக்கம் கூடிப் போகும், தடவ வேண்டாம். கழற்றும் முன் சுற்றி இருக்கிற மண்ணை சைக்கிள் பம்பால் ஊதிடுங்க. பழைய வாஷர் ஹெட்டிலேயே ஒட்டிட்டு நிற்குதான்னு ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க, ரெண்டு வாஷர் சேர்ந்தால் பிளக் முழுசா இறங்காது.

3, 4 ஒயர்களை ஒண்ணா இழுத்துக் கட்டி வைத்திருந்தால் பிரிச்சு விடுங்க. 3 வெடிச்சதும் அடுத்து வெடிக்க வேண்டியது 4, அப்போ அது கம்ப்ரஷனை ஆரம்பிக்கிற நேரம். பக்கத்து ஒயரிலிருந்து தாவுகிற பொறி அங்கே சீக்கிரமே பற்ற வைக்கும். 2-ம் 1-ம் அதே மாதிரிதான்.